கூண்டுக்குப் பூசிய சிவப்பு

லவ் பேர்ட்ஸ் என்று இவற்றுக்குப் பெயர் வைத்த ஆள் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். காதலாவது கத்தரிக்காயாவது. ஒரு கூட்டுக்காக இரண்டு பெட்டைகள் ஒன்றன் காலை ஒன்று கடித்து ரத்தம் வரவைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜோடிக்கு ஒரு கூடு என்று கணக்காகக் கட்டினால் சண்டை நிச்சயம். கூடுதலாகவே கட்ட வேண்டும். அதுவும் எல்லாம் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தமானில், லாங் ஐலண்ட் தீவில், எங்கள் வீடு படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. முதல் ஜோடி எனக்கு வந்தது மாற்றலாகி ஊருக்குப் போன ஓர் ஆசிரியர் குடும்பத்திடமிருந்து. தீவில் அதுதான் வழக்கம். மெயின்லேண்ட் போகிறவர்கள் கட்டில், குக்கர், ரோஜாச் செடி, நாய் என்று கொண்டுபோக முடியாததையெல்லாம் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். ஒரு பச்சை ஆணும் மஞ்சள் பெட்டையும் அப்படி என் தலையில் வந்து விழுந்தன. வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினேன். அந்த மஞ்சள் பெட்டை முதல் முட்டை இட்ட நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆணுக்கு மூக்குத் தோல் நீலம், பெட்டைக்குப் பழுப்பு, முட்டையிடப் போகும்போது இன்னும் கருத்துத் தடிக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாடம் எடுத்தேன். சமையல் தீய்ந்த நாட்கள் உண்டு.

என் வீட்டுக்காரர் படகு வேலை செய்கிறவர். நாங்கள் டுங்கி என்று சொல்லும் சின்னப் படகுகளைக் கட்டுவார், பழையதைச் சுரண்டி ஓட்டை அடைத்துப் பூச்சுப் பூசிக் கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். பேசுவதெல்லாம் நான்தான். ஆனால் கேட்காமலேயே செய்வார். பலாமர நிழலில், ஆள் உள்ளே நின்று நடக்கிற அளவுக்கு ஒரு கூண்டு கட்டித் தந்தார். கூடு வைக்கிற மண்கலயங்கள் கப்பலில் வரும்போதே உடைந்துவிடுகின்றன என்று நான் புலம்பியதைக் கேட்டு, காய்ந்த தேங்காயை மட்டையோடு குடைந்து ஓட்டை போட்டு வரிசையாகத் தொங்கவிட்டார். தினை மட்டும் கப்பலில்தான் வர வேண்டும். கணவாய் மீன் ஓடுகளை நானே கரையில் பொறுக்குவேன். பெட்டை முட்டையிட அந்தச் சுண்ணாம்பு வேண்டும். மழைக்காலத்தில் கடல் அடித்துக்கொண்டே இருக்கும், ஓடு ஒன்றும் கிடைக்காது.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு நாலு வயது. காலையில் எழுந்து பல் தேய்க்கிறாளோ இல்லையோ, கூண்டுக்கு ஓடுவாள். தினைக் கதிர் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, முகத்தை வலையோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பாள். பறவைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் வாயிலிருந்தே கொத்தித் தின்னும். பார்க்கக் கண் கோடி வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முதலில் காட்டுவது அதைத்தான். போனில் படம் பிடித்து என் அக்காவுக்கு அனுப்புவேன்.

உப்புக்காற்றில் கம்பிவலை ஒரு மழைக்காலம் தாண்டாது. முதல் வலை துருப்பிடித்து, விரல் பட்டாலே பொடிந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு பாம்பு நுழைந்து குஞ்சுகளை விழுங்கிவிட்டு, வயிறு பெருத்துப்போய் வந்த வழியே வெளியேற முடியாமல் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. தண்ணீர் வைக்கப் போன நான் போட்ட கூச்சலில் ஜெட்டியில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். அன்றைக்கெல்லாம் நான் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் பாம்பை அடிக்காமல் பிடித்துக் காட்டில் விட்டுவிட்டு வந்து, புது வலை அடித்தார். அடித்ததோடு விடவில்லை. படகின் அடிப்பலகைக்குப் பூசும் சிவப்புத் தூள் அவரிடம் பழைய சரக்காக ஒரு டின் இருந்தது. இப்போதெல்லாம் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. நல்ல படகுக்கு மட்டும் என்று எடுத்துவைத்திருந்தார். அதை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, வலையின் ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ளும் புறமும் தேய்த்துப் பூசினார். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"படகையே கடல் தின்னாமப் பாத்துக்குது. ஒன் குருவிக் கூண்டு என்ன, சும்மா நிக்கும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே எனக்குப் பெருமையாக இருந்தது. எண்ணெய் வாசனை முழுதாகப் போய், பூச்சு இறுகிக் கல்லாகும் வரை பறவைகளை நான் உள்ளே விடவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை. மழையில் நனைந்த பலா இலைகளுக்கு நடுவே அந்தச் சிவப்புக் கூண்டு நின்றது அவ்வளவு அழகு. பாதையில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் தங்கள் கோழிக்கூண்டுக்கும் பூசித் தரச் சொன்னார்கள். நல்லவேளை, தூள் தீர்ந்துபோயிருந்தது.

மழைக்காலம் நடுவில் முதல் பெட்டை செத்தது. தரையில் சிறகைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது, மாலையில் இல்லை. ஒன்று போவது சகஜம்தான் என்று விட்டேன். அடுத்து இன்னொரு பெட்டை, பிறகு இன்னொன்று. சாகும் முன் எல்லாம் ஒரே மாதிரி. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருக்கும், எச்சம் கரும்பச்சையாகப் போகும், பிறகு கால் நிற்காது. ஆண்கள் நன்றாகத்தான் இருந்தன. கூட்டில் உட்காரத் தயாரான பெட்டைகளாகப் பார்த்துப் போனது எனக்குப் புரியவே இல்லை. கப்பலில் வந்த தினை பூஞ்சை பிடித்திருக்கும் என்று மூட்டையோடு கொட்டினேன். தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி மஞ்சள் போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினார். கட்டிய மறுநாள் இன்னும் இரண்டு செத்தன.

பிறகு என் வானநீலப் பெட்டை. என் கூண்டிலேயே பொரிந்து, என் விரலில் நடந்து பழகியது. கையில் எடுத்தேன். என் உள்ளங்கையிலேயே கழுத்து பின்னால் முறுக்கிக்கொண்டது. உடம்பெல்லாம் வெட்டிவெட்டி இழுத்தது. ஒரு கைப்பிடி இறகுக்குள் அவ்வளவு வேகமா என்று நான் விக்கித்துப்போனேன். கீழே வைக்கவும் தோன்றவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. அது அடங்கியதும் முந்தானையில் பொதிந்துகொண்டேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, டிபன் டப்பாவில் பறவையை வைத்து, பக்கத்துத் தீவிலிருக்கும் ரங்கத்துக்குப் படகு ஏறினேன். செத்த குருவிக்கு வைத்தியம் பார்க்கக் கடல் தாண்டிப் போகிறாள் என்று ஜெட்டியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரங்கத்து மாட்டு டாக்டர் முதலில் அவரும் சிரித்தார். மாடும் ஆடும் பார்க்கிற கை. ஆனாலும் மேஜையில் வைத்து அறுத்துப் பார்த்தார். இரைப்பையைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே குங்குமம் சிந்தினாற்போல் சிவப்புத் துணுக்குகள். இது என்ன என்று இந்தியில் கேட்டார். அட, எங்கள் கூண்டுப் பெயின்ட், படகுக்குப் பூசுவது என்று நான் பெருமையாகவே சொன்னேன். சுண்ணாம்புக்கு ஏங்கும் பெட்டைகள் ஓடு கிடைக்காமல் வலையைக் கொறித்திருக்கின்றன என்றார். அந்தச் சிவப்புத் தூள் ஈயம், சுத்த விஷம் என்றார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அடப்பாவமே என்று பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கர் மே சோட்டா பச்சா ஹை க்யா?"

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று. இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வலையோடு ஒட்டிய அந்த முகம்தான் கண்முன் வந்தது. சில மாலைகளில் அவள் உதட்டோரம் சிவந்திருக்கும். எதையோ தின்றிருக்கிறாள் என்று நான் முந்தானையால் துடைத்துவிடுவேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேனா நின்றேனா என்று இப்போதும் நினைவில்லை. ஈயம் குழந்தைக்கு மூளையில் போய்ச் சேரும், படிப்பு ஏறாது, வலிப்புகூட வரலாம், உடனே போர்ட் பிளேயர் போய் ரத்தம் பாருங்கள் என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. மனிதர்களுக்குச் சொல்ல வேண்டியவன் நானில்லை என்றும் சொன்னார். சொன்னதற்கு அவர் நன்றாயிருக்க வேண்டும்.

திரும்பி வரும் படகில் எல்லாரும் ஏதேதோ பேசினார்கள். பெட்டையின் கழுத்து முறுக்கிக்கொண்டதை என் மனசு திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டியது. அந்த இடத்தில் என் பிள்ளை இருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்திலிருந்த பெங்காலி அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானே சமைக்கிறோம் என்றார். அது வேறு, இது காரீயம், அடுப்பங்கரைக்கே ஆகாதது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறகு எழுந்து போய், வெறும் கையால் வலையைப் பிடுங்க ஆரம்பித்தார். மிச்சமிருந்த பறவைகளை நான் அவசரமாக மூங்கில் கூடைகளில் பிடித்துப்போட்டேன். அவர் வலையைச் சுருட்டிக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, அந்த மண்மேட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏங் கையாலயே புள்ளைக்கு வெசத்த வெச்சிட்டேனே."

எனக்கு அவரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பெட்டியில் துணியை எடுத்து அடுக்கினேன்.

போர்ட் பிளேயரில் குட்வில் எஸ்டேட்டில் என் அக்கா வீடு. அங்கே தங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை டாக்டர் ஒரு வயதான அம்மாள். வடக்கத்தியர், அதட்டிப் பேசுவார், ஆனால் காது கொடுத்துக் கேட்பார். கூண்டுக் கதையை முழுதும் கேட்டார். இந்தச் சோதனை இங்கே இல்லை, ரத்தத்தை எடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரக் காத்திருக்க வேண்டும் என்றார். ஊசி குத்தும்போது என் மகள் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டாள். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

அப்போதுதான் டாக்டரம்மா இவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பூச்சு வேலை எத்தனை வருஷமாக என்று கேட்டார். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே என்றேன். வாயைத் திறக்கச் சொன்னார். ஈறு ஓரமாகக் கருநீலமாக ஒரு கோடு. அது கைனிப் புகையிலை போடுவதால், எத்தனை சண்டை போட்டும் விடமாட்டேன் என்கிறார் என்று நான் புகார் வைத்தேன். டாக்டரம்மா, இவர்கள் இரண்டு பேர் ரத்தமும் எடுங்கள் என்று நர்ஸிடம் சொன்னார். எனக்கெதுக்கு, நானா வலையைக் கடித்தேன் என்று இவர் முனகினார். பிள்ளைக்காகக் கொடுங்கள் என்று அதட்டியதும் கையை நீட்டினார்.

காத்திருந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. மகள் ஒரு படி தடுக்கினாலும் உடனே தூக்கிக் கால் கையைத் தடவிப் பார்ப்பேன். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால், காது மூளை ஏதோ ஆகிவிட்டது என்று ஓடுவேன். அவள் பாட்டுக்கு டி.வி. பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்று இரண்டு மூன்று சொல்லச் சொல்லி உயிரை எடுத்தேன். அக்கா என்னைப் பிடித்துத் திட்டினாள். இவரோ பிள்ளையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார். அவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால், இரு கைகளையும் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பார். சாப்பாடும் குறைந்துபோயிற்று. வயிறு சுருட்டிப் பிடிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்வார். கவலையில் வருவது என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். என் கவனமெல்லாம் பிள்ளை மேல்தான் இருந்தது.

முடிவு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லி, முதலில் மகளைப் பற்றித்தான் சொன்னார். ஈயம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான், பயப்படும் அளவில் இல்லை, விஷம் போவது நின்றுவிட்டதால் தானாகக் குறைந்துவிடும். பால், முட்டை, கீரை கொடுங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். அவ்வளவுதான். இவர் இருந்த இடத்திலேயே கைகூப்பினார். கண்ணீர் தாடி வழியாகச் சொட்டியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவளுக்கு ஏதாவது வாங்கித் தருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டரம்மா இருங்கள் இருங்கள் என்றது அவர் காதில் விழவில்லை.

நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன். நீ உட்கார் என்றார். உனக்கு ஒன்றுமில்லை. உன் புருஷனுக்குத்தான் இருக்கிறது. இவ்வளவு இருக்கிற மனிதர் நடந்து வந்ததே எனக்கு ஆச்சரியம் என்றார். இன்றைக்கே படுக்க வைக்க வேண்டும், மருந்து மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், வராவிட்டால் அவரை அங்கே அனுப்ப வேண்டும். வயிறு சுருட்டுகிறதா, கை தளர்ந்துபோகிறதா, மறதி இருக்கிறதா, எரிந்து விழுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். எல்லாம் இருந்தது. வருஷக்கணக்காக இருந்தது. படகைச் சுரண்டிய தூசியை மூச்சில் இழுத்து, அதே கையால் சோறு பிசைந்து தின்றிருக்கிறார். இரண்டு மாதம் வலையைக் கொறித்த பறவைகள் செத்தன. நான் பறவைக்குப் பதறினேன், பிள்ளைக்குப் பதறினேன். என் பக்கத்தில் படுத்திருந்தவரை நான் பார்க்கவே இல்லை.

வெளியே வந்தேன். வாசல் கடையில் பிள்ளைக்குக் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாசை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவர் டீயை முழுதும் குடித்துமுடித்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்கள்ல? அப்ப சோடோ, விட்டுத் தள்ளு. ஒரு டுங்கிய ஒத்துக்கிட்டு இருக்கேன், அத முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் ரோடு, ஜனம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் கையை எட்டிப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து நடந்தேன். விடு புள்ள என்று கையை உதறினார். நான் விடவில்லை. மறுபடி உதறினார். தனியாளாகப் படகைக் கரையேற்றுகிற கை அது. என் பிடியிலிருந்து வெளியே வர முடியவில்லை. அவர் நின்றுவிட்டார். மூன்றாவது முறை, மெதுவாக, சோதித்துப் பார்ப்பதுபோல் இழுத்தார். பிறகு தலைகுனிந்து அந்தக் கையையே பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். கையை என் பிடியிலேயே விட்டு என்னோடு உள்ளே வந்தார்.